சனிக்கிழமைப் பெயர்

மிஸ்டர் ரெனால்ட்ஸ் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டு, "உன் கறுப்புக் கையால் என் சாமான்களைத் தொடாதே" என்று கத்தியபோது எனக்கு வந்த கோபத்தைப் பற்றி முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இனவெறி பிடித்துப் பேசுகிறாரே என்று வந்த கோபமல்ல அது. என்னைப் போய்க் கறுப்பி என்றாரே என்று வந்த கோபம். எங்கள் குடும்பத்தில் நான்தான் வெள்ளை. பெண் பார்க்க வந்தபோது மாமியார் முதலில் பார்த்தது என் கையைத்தான். முகத்தைப் பார்த்தது பலகாரம் எல்லாம் முடிந்த பிறகு. அப்படிப்பட்ட கையைத் தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவர் ஒருவர், பல்செட்டும் போடாமல், கறுப்பு என்கிறார்.

வெஸ்ட்மீட்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடமாகப் பராமரிப்பாளராக இருக்கிறேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, கரண்டியால் சாப்பாடு தீத்துவது என் வேலை. மிஸ்டர் ரெனால்ட்ஸ் கத்துவது புதிதல்ல. ஆனால் அன்றைக்குச் சூடான தேநீர் என் மணிக்கட்டில் ஊற்றுப்பட்டுவிட்டது. படிவம் எடுத்து, இரண்டு பக்கம் நிறைய எழுதி, மனேஜர் ஹெதரிடம் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிரூபா, இதை மிகவும் பாரதூரமாக எடுத்துக்கொள்கிறோம் என்றாள்.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. மிஸ்டர் ரெனால்ட்ஸ் இருந்த அறையிலேயே இருப்பார். நான் மட்டும் ஆறு வெள்ளிக்கிழமை ஒரு பயிற்சிக்குப் போகவேண்டும். இனரீதியான மன அழுத்தத்திலிருந்து ஆபிரிக்க ஆன்மிக மரபுகளின் வழியாகவும் நாட்குறிப்பு எழுதுவதன் வழியாகவும் மீளுவது எப்படி என்று சொல்லித் தருவார்களாம். தேநீர் ஊற்றியவருக்கு ஒரு வகுப்பும் இல்லை. ஊற்றுப்பட்டவளுக்கு ஆறு வகுப்பு.

"உம்மை ஏன் படிப்பிக்கினம்? கிழவனையல்லோ படிப்பிக்க வேணும்?" என்றார் என் வீட்டுக்காரர் மகாதேவன்.

அவர் அபூர்வமாகத்தான் நியாயம் பேசுவார் என்பதால் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த பேச்சிலேயே அதைக் கெடுத்துக்கொண்டார்.

"அதுவும் காப்பிலியளிட்டைப் போய் மந்திரம் பழகப் போறீரோ?"

அந்தச் சொல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஆபிரிக்கக் கறுப்பர்களை அப்படித்தான் சொல்வது. திட்டுவதற்காகச் சொல்வதில்லை என்று எல்லோரும் சொல்லுவோம். மரியாதையாகச் சொல்ல வேறு சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தவர்களும் எங்களில் இல்லை. அவர்களுக்கு முன்னால் மட்டும் அதைச் சொல்லமாட்டோம். அதிலிருந்தாவது ஏதாவது விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை.

மகாதேவனுக்கு டூங்கபி ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. வேலையிடத்தில் யாராவது கேட்டால், வீட்டுக்காரர் இறக்குமதித் தொழில் என்று சொல்லுவேன். மிளகாய்த்தூளும் இறக்குமதிதானே. வாடிக்கையாளரின் பெயர்கள் அவருக்கு நினைவில் நிற்காது. அதனால் ஒவ்வொருவருக்கும் தானே ஒரு பெயர் வைத்திருக்கிறார். மூன்று தேங்காய் அன்ரி. கருவாட்டை மணந்து பார்க்கும் அங்கிள். ஆள் உள்ளே வந்ததும் பின்னால் நிற்கிற வேலையாளுக்கு அந்தப் பெயரை எட்டிச் சொன்னால் போதும், வேண்டிய சாமான் வெளியே வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் அவர்களுடைய கதைகள்தான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. அதில் ஒருத்தி சனிக்கிழமைக் காப்பிலி. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து பெரிய யாம் கிழங்கு வாங்குவாளாம்.

"நல்ல மனுசி. கிழங்கை அமத்திப் பாக்காமல் எடுக்காது" என்பார்.

நான் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போவதால் அவளைக் கண்டதில்லை. ஆனால் "சனிக்கிழமைக் காப்பிலி வந்ததோ?" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் ஒன்பது பேர் இல்லத்தின் பொழுதுபோக்கு மண்டபத்தில் வட்டமாகக் கதிரை போட்டு இருந்தோம். பிலிப்பைன்ஸ்காரர் நாலு பேர், நேபாளத்துப் பெண்கள் மூன்று பேர், பீஜிக்காரி ஒருத்தி, நான். படிப்பிக்க வந்தவளின் பெயர் அபெனா. கானா நாட்டுக்காரி. மெல்பேர்னில் உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். வெள்ளைத் துணியைத் தோளில் சுற்றியிருந்தாள். நடுவில் ஒரு குடுவையில் தண்ணீர், ஒரு செடித்தொட்டி.

அவளுடைய ஊரில் பிள்ளை பிறந்த கிழமைதான் அதன் முதல் பெயராம். அந்தக் கிழமையோடு வந்த உயிருக்கு க்ரா என்று பெயராம். அபெனா என்றால் செவ்வாய்க்கிழமை பிறந்தவள். எல்லோரும் கைத்தொலைபேசியில் பிறந்த திகதியைப் போட்டுக் கிழமை தேடினார்கள். நான் தேடவில்லை. வெள்ளிக்கிழமை பிறந்தது மகாலட்சுமி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். வெள்ளி என்று சொன்னேன்.

"அப்படியானால் நீ அஃபுவா" என்றாள் அபெனா.

பிறகு ஆளுக்கொரு கொப்பி தந்தாள். தாய்மொழியில் எழுதுங்கள், யாரும் வாசிக்கப் போவதில்லை என்றாள். ஒவ்வொரு நாளும் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். என்ன நடந்தது? உடம்பில் எங்கே பட்டது? இரண்டாவது கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஸ்டர் ரெனால்ட்ஸின் தேநீர் பட்டது மணிக்கட்டில். அதைக் கண்டுபிடிக்க கானாவிலிருந்து ஆள் வரவேண்டுமா?

அன்று பின்னேரம் குசினி மேசையில் கொப்பியை விரித்து முதல் வரி எழுதினேன். "எனக்குப் படிப்பிக்க ஒரு காப்பிலி வந்திருக்கிறாள்." யாரும் வாசிக்கப் போவதில்லை என்ற தைரியம் இருந்ததே, கை ஓடியது. காப்பிலியின் தலைமயிர், காப்பிலியின் வளையல், காப்பிலி செடிக்குத் தண்ணி ஊற்றிச் செத்தவர்களைக் கூப்பிட்ட விதம். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்து நானே சிரித்தேன். மனம் கொஞ்சம் லேசானது போலவும் இருந்தது. பயிற்சி வேலை செய்கிறது என்றும் எழுதி வைத்தேன்.

மூன்றாவது கிழமைதான் மாட்டிக்கொண்டேன். குடுவையை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, உங்களோடு இருக்கவேண்டும் என்று நினைக்கிற ஓர் இறந்தவரின் பெயரைச் சொல்லித் தண்ணீரை ஊற்றுங்கள் என்றாள் அபெனா. அப்பாவின் பெயரைச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது "ஜெயசீலன்." என் அண்ணா. முப்பது வருடமாக அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொல்லவில்லை. அண்ணா காணாமல் போனவர்தான், இறந்தவர் என்று யாரும் எழுதித் தரவில்லை. பெயரைச் சொன்னால் இறந்தவராகிவிடுவார் என்று வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. தண்ணீர் தொட்டிக்கு வெளியே, என் சப்பாத்தில் ஊற்றுப்பட்டது. அபெனா எழுந்தாள். பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்துகொண்டாள்.

அன்று எழுதினது இது. எனக்குப் பதினொரு வயது. கொழும்பில் செக் பொயின்ற் ஒன்றில் பஸ்ஸிலிருந்து எங்களை இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் சிரித்துக்கொண்டே மற்றவனிடம் சிங்களத்தில் "பற தெமளா" என்றான். தெமளா என்றால் தமிழர் என்று தெரியும். முதல் சொல் தெரியாது. பஸ்ஸில் ஏறியதும் அண்ணாவைக் கேட்டேன். "ஒண்டுமில்லை. தமிழர் எண்டு சொல்லுறான்" என்றார். சொல்லிவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அர்த்தத்தை அப்போதே தெரிந்துகொண்டேன். அகராதி வேண்டியிருக்கவில்லை, அண்ணாவின் முகம் போதும். உடம்பில் எங்கே பட்டது என்ற கேள்விக்கு முதல் தடவையாகச் சிரிக்காமல் பதில் எழுதினேன். தொண்டையில்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். நித்திரை வந்தது. மிஸ்டர் ரெனால்ட்ஸ் கத்தினால் கூட அவருடைய சவரப் பெட்டியை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு வந்தேன். வகுப்பு முடிந்ததும் அபெனாவும் நானும் கார் நிறுத்துமிடத்தில் நின்று கதைப்போம். அண்ணாவைப் பற்றி எழுதினதையும் அங்கேதான் அவளுக்குச் சொன்னேன். இரண்டு பேரும் வளர்ந்தது மலேரியாக் குளிசையின் கசப்பைத் தெரிந்துகொண்டுதான். இரண்டு பேருக்கும் வெள்ளைக்காரரின் உப்பில்லாத சூப்பைக் கண்டால் ஆகாது. அவளுடைய பகிடிக்கு நான் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாலாவது கிழமை க்ராவைக் கழுவும் சடங்குக்கு வெள்ளை உடுத்து வரச்சொன்னாள். வெள்ளைச் சேலையோடு நின்ற என்னை மகாதேவன் மேலும் கீழும் பார்த்தார்.

"ஆற்றை செத்தவீட்டுக்கு வெளிக்கிட்டு நிக்கிறீர்? நான் இன்னும் இருக்கிறன்."

ஐந்தாவது கிழமை அபெனா ஒரு நல்ல செய்தி சொன்னாள். கடைசி நாள் விழாவுக்கு ஹெதர் வருகிறாளாம். விரும்பினவர்களுடைய கொப்பியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அவளுக்கு வாசித்துக் காட்டலாம், அதற்கு இல்லமே ஏற்பாடு செய்கிறதாம்.

"உன் அண்ணாவின் பக்கத்தை ஹெதர் கேட்க வேண்டும், அஃபுவா. கொப்பியைத் தருவாயா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெருமை தலைக்கேறி, கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். விழாவில் என்ன சேலை கட்டலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வெங்காயம் உரிக்கும்போதுதான் முதல் பக்கம் ஞாபகம் வந்தது. கத்தியைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை இல்லத்தின் அலுவலகத்தில் விசாரித்தால், கொப்பி போனது சிறிதரன் அண்ணையிடம். டூங்கபியில் யாருடைய பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்ப்பவர் அவர்தான். அடுத்த நாள் வேலை முடிந்த கையோடு வாய்ப்பன் சுட்டுக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கொப்பி விசயமோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை."

"இருபத்திமூண்டு தரம் எழுதியிருக்கிறியள். நான் எண்ணினனான்."

"அதுக்குப் பதிலா ஆபிரிக்கப் பெண்மணி எண்டு போடுங்கோவன் அண்ணை. ஆர் பாக்கப் போகினம்?"

"நான் சத்தியம் பண்ணின மொழிபெயர்ப்பாளன், தங்கச்சி. கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. அந்தச் சொல்லுக்கு இங்கிலிசிலை ஒரு சொல் இருக்கு. அதைப் போட்டால் உங்கடை வேலை போகும். போடாட்டில் என்ரை அங்கீகாரம் போகும்." கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படிச்ச சனம் நாங்கள் இப்பிடிக் கதைக்கலாமோ? எங்கடை வீட்டிலை இந்தச் சொல் பாவிக்கிறேல்லை."

வாசல் மணி அடித்தது. அவருடைய மனைவி போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"இஞ்சாருங்கோ, உங்கடை கடிதம் ஒண்டு மாறித் தங்கடை பெட்டியிலை கிடந்ததெண்டு பக்கத்து வீட்டுக் காப்பிலி கொண்டுவந்து தந்திட்டுப் போறார். பாவம், நல்ல மனுசன்!"

சிறிதரன் அண்ணை கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். வாய்ப்பன் ஒன்றை எடுத்துப் பாதியைச் சாப்பிட்டார்.

"ஒரு வழி இருக்கு" என்றார் பிறகு. "முழுக் கொப்பியையும் மொழிபெயர்க்கச் சொல்லி அவையள் எழுத்திலை கேக்கேல்லை. தெரிவு செய்த பக்கங்கள் எண்டு தலைப்புப் போடலாம். மூண்டாம் கிழமையிலை இருந்து செய்யிறன். அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை."

"ஏன் அண்ணை?"

"அதிலை அந்தச் சொல் வரேல்லை. அபெனா, அபெனா எண்டுதான் எழுதியிருக்கிறியள். நீங்கள் கவனிக்கேல்லையோ?"

நான் கவனித்திருக்கவில்லை. அந்தப் பக்கங்களை மட்டும் அவர் பிரதி எடுத்த பிறகு கொப்பியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பெரிய பாரம் இறங்கியிருந்தது. நான் திருந்திவிட்டேன் என்பதற்குக் கையில் அத்தாட்சி இருந்தது. திருந்துவதற்கு முந்தின பக்கங்களை யாரும் பார்க்கப் போவதுமில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, இல்லத்தின் பின்பக்கத் தோட்டம். அவித்த யாமை மசித்து, செம்பனை எண்ணெய் விட்டு, மேலே முழு முட்டைகள் அடுக்கி அபெனா கொண்டு வந்திருந்தாள். எங்கள் இராசவள்ளிக்கிழங்குக் களிக்கு யாரோ முட்டை வைத்தது போல் இருந்தது. அவளுடைய தாயின் ஊரில் ஆண்டுக்கொரு திருவிழா உண்டு என்று தொடங்கினாள். அந்த நாட்களில் யாரும் யாரிடமும், அரசரிடம்கூட, மனதில் கிடப்பதை முகத்துக்கு நேரே சொல்லலாம். கேட்டவர் கோபிக்கக் கூடாது, பதில் பேசவும் கூடாது. மறைத்து வைத்த சொல், வைத்தவரையும் நோயாளியாக்கும், யாரைப் பற்றியதோ அவரையும் நோயாளியாக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சொல்லி முடித்ததும் தண்ணீரை நிலத்தில் ஊற்றி ஆற்றிவிடுவார்கள்.

ஹெதரை ஒரு பெரிய குடைக்குக் கீழே அரசரின் கதிரையில் இருத்தினோம். அவளுக்கு நல்ல புளுகம், வாயெல்லாம் சிரிப்பு.

பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் எழுந்து, சில நாட்களில் கையுறை போதாமல் இருக்கிறது என்றார். பீஜிக்காரி, பணியாளர் அறையின் மைக்ரோவேவ் சூடாவதில்லை என்றாள். நேபாளப் பெண் ஒருத்தி ஹெதருக்கு நன்றி சொன்னாள். அரசரைத் திட்டக் கிடைத்த ஒரே நாளில் நாங்கள் மைக்ரோவேவ் கேட்டோம். ஹெதர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

பிறகு என் பக்கத்தை அபெனாவே ஆங்கிலத்தில் வாசித்தாள். செக் பொயின்ற், பஸ், அண்ணாவின் செருப்பு. சிறிதரன் அண்ணை நன்றாகத்தான் செய்திருந்தார். ஹெதர் கண்ணைத் துடைத்தாள். அடுத்த கிழமையிலிருந்து மிஸ்டர் ரெனால்ட்ஸை நிரூபா பார்க்கத் தேவையில்லை, வேறொருவரைப் போடுகிறேன் என்று அறிவித்துவிட்டு, நன்றி சொன்ன நேபாளப் பெண்ணைப் பார்த்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் தட்டவில்லை. நான் என் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

"சொல்லித் தந்தவளும் சொல்ல வேண்டும்" என்றாள் அபெனா. தன்னுடைய கொப்பியை விரித்தாள். பச்சை மட்டைக் கொப்பி.

"கிழமைக்கு ஒரு முறை யாம் வாங்க ஒரு கடைக்குப் போகிறேன். டூங்கபி ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில். கடைக்காரர் நல்லவர். பெரிய கிழங்கை எனக்காக உள்ளே எடுத்து வைப்பார். என்னைப் பார்த்து, மை ஃபிரெண்ட் என்பார். ஆனால் நான் உள்ளே நுழைந்தவுடன் பின்பக்கம் திரும்பி இரண்டு சொல் சொல்வார். நாலு வருடமாக அதே இரண்டு சொல். அது என் பெயர் என்று இரண்டாவது மாதமே தெரிந்துவிட்டது. அர்த்தம் கேட்கவில்லை. கேட்டால் வேறு கடை தேட வேண்டிவருமோ என்று பயம். அது நல்ல யாம்." எல்லோரும் சிரித்தார்கள். "உடம்பில் எங்கே: காதுக்குப் பின்னால்."

பிறகு அந்த இரண்டு சொல்லையும் சொன்னாள். உச்சரிப்பில் பெரிய பிழையில்லை. நாலு வருடம் கேட்டவளல்லவா. "சனிக்கிழமைக் காப்பிலி."

வெயில் நேரே முகத்தில் அடித்தது. மகாதேவனின் குரலை அவளுடைய வாயில் கேட்டேன். என் குரலையும் கேட்டேன், சாப்பாட்டு மேசையில் இருந்து.

"அஃபுவா, இது உன்னுடைய மொழி என்று நினைக்கிறேன்" என்றாள். "எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?"

அவள் முகத்தில் விளையாட்டுத்தான் இருந்தது. அல்லது அப்படி வைத்துக்கொண்டிருந்தாள்.

"முதல் சொல்லுக்குச் சனிக்கிழமை என்று அர்த்தம்" என்றேன்.

அபெனா தலையைப் பின்னால் சாய்த்துப் பெரிதாகச் சிரித்தாள். "அவர்களும் கிழமையில்தான் பெயர் வைக்கிறார்கள்! ஆனால் நான் செவ்வாய்க்கிழமை பிறந்தவள். சரி, இரண்டாவது?"

ஒன்றுமில்லை, ஆபிரிக்கர் என்று சொல்லுகிறார்கள். அந்த வாக்கியம் வாயின் நுனியில் தயாராக நின்றது. எவ்வளவு அன்பான பொய். சொல்லிவிட்டால் விழா முடியும், முட்டை சாப்பிடலாம், வெள்ளிக்கிழமைகளில் கார் நிறுத்துமிடத்தில் நின்று சிரிக்கலாம். நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அபெனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கும் அகராதி வேண்டியிருக்கவில்லை.

எழுந்து நின்றேன். கைப்பையிலிருந்து என் கொப்பியை எடுத்து முதல் பக்கத்தை விரித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்து, ஒவ்வொரு வரியாக எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தச் சொல்லுக்குச் சிறிதரன் அண்ணை சொல்லப் பயந்த ஆங்கிலச் சொல்லையே போட்டேன். வளையல், தலைமயிர், தண்ணீர் ஊற்றிய விதம் எல்லாவற்றையும் வாசித்தேன். இருபத்திமூன்று தரம். முடிந்ததும், "அந்தக் கடை என் வீட்டுக்காரருடையது" என்றேன்.  வெட்கத்தில் அழுதேன், மன்னிப்பு வேண்டி அழவில்லை. 

 கேட்டவர் கோபிக்கக் கூடாது, பதில் பேசக் கூடாது. விதியைச் சொன்னவளே அவள்தான். அபெனா பேனையை எடுத்தாள். பச்சைக் கொப்பியில், அந்த இரண்டு சொல்லுக்குக் கீழே, ஏதோ நேரமெடுத்து எழுதினாள். பிறகு குடுவையைத் தூக்கி, இருந்த தண்ணீர் முழுவதையும் புல்லில் ஊற்றினாள்.

ஹெதர் கைதட்டினாள். இதுவும் சடங்கின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டாள். மற்றவர்களும் தட்டினார்கள்.

எல்லோருக்கும் யாம் பரிமாறினாள் அபெனா. என் தட்டிலும் ஒரு முழு முட்டை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாமான்களைக் காரில் ஏற்றி, போய்விட்டாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மகாதேவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் என்ன, தூசணமே சொன்னனான்? அது அடையாளத்துக்குச் சொல்லுறது. மூண்டு தேங்காய் அன்ரி கோவிக்கிறாவோ?"

"அவவுக்கு முன்னாலை அவவை மூண்டு தேங்காய் எண்டு கூப்பிடுறனீங்கள்தானே? அபெனாவுக்கு முன்னாலை ஏன் திரும்பி நிண்டு சொன்னனீங்கள்?"

 "நல்ல ஒரு வாடிக்கையைக் கலைச்சுப்போட்டீர்" என்று சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போனார்.

சனிக்கிழமை நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கடையில் போய் நின்றேன். வருவாள் என்று நினைத்து அல்ல. வராவிட்டால் அந்த வராமையையாவது நான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பத்தரைக்கு மகாதேவன் பெரிய கிழங்கு ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துவந்து முன்னால் வைத்தார். பத்து நிமிடத்தில் திரும்ப உள்ளே கொண்டுபோனார். பிறகு மறுபடியும் எடுத்துவந்தார்.

சரியாகப் பதினொரு மணிக்கு அபெனா வந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஒரு தரம் ஆட்டினாள். சிரிக்கவில்லை. மகாதேவன் வேலையாளின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, வாயை மூடினார். அவள் வழக்கம்போலக் கிழங்கைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். உருட்டி மறுபக்கமும் பார்த்தாள். அதுவே வேண்டும் என்றாள்.

"தாங்க் யூ, மை ஃபிரெண்ட்" என்றார் மகாதேவன். குரல் உள்ளே போயிருந்தது.

அபெனா கிழங்கை இடுப்பில் தாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, வெளியில் யாரோ நிற்பது போல, தன்னுடைய மொழியில் இரண்டு சொல் சொன்னாள். வெளியில் யாருமில்லை. போகும்போது அவளுடைய தோள்கள் குலுங்கினதைக் கண்டேன். அது சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிரிப்பு என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

"இஞ்சாரும், அவ என்ன சொன்னவ?" என்றார் மகாதேவன்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"உம்மடை சிநேகிதிதானே? ஆறு கிழமை படிச்சனீர்."

"அந்தச் சொல் படிப்பிக்கேல்லை."

மூன்று தேங்காய் அன்ரி வந்தார், தேங்காய் எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு மிச்சம் கொடுக்க மறந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார் மகாதேவன். பன்னிரண்டு மணிக்கு, "ஏதும் கெட்ட சொல்லா இருக்குமோ?" என்றார். ஒரு மணிக்கு, சோற்றைப் பிசைந்தபடி, "அது எனக்கு வைச்ச பேரோ?" என்றார். கடை பூட்டுகிற நேரத்தில் அந்த இரண்டு சொல்லையும் தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு அவ்வளவு மோசமில்லை.

அலுமாரித் தட்டிலிருந்து நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"என்ன நடந்ததெண்டு எழுதுங்கோ. உடம்பிலை எங்கை பட்டதெண்டும் எழுதுங்கோ."

அவர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார்.